ஜென்ம பாவம், தேவனின் முன்னறிவு, மழலைகளின் இரட்சிப்பு: வேலூர்ச் சபைகளில் கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சபைகளில் திடப்படுத்தல் வகுப்பிலும் வீட்டுக் கூட்டத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் அல்லன். தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவன். சபைகள் ஒத்துப்போகாத இடங்களில் அந்த வேறுபாட்டை அப்படியே சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒரு கருத்து இருக்கும் இடங்களில் அதையும் ஒளிக்கவில்லை.

பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது? ஜென்ம பாவம் என்று ஏன் சொல்கிறோம்?

குழந்தை எதுவும் செய்யவில்லை. இதில் எந்தச் சபைக்கும் சந்தேகம் இல்லை. பழைய ஞானோபதேசங்கள் பாவத்தை ஜென்ம பாவம், கர்ம பாவம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தன. மனிதன் தானே செய்வது கர்ம பாவம். எந்த நிலைமைக்குள் அவன் பிறக்கிறானோ அது ஜென்ம பாவம். ஆதாமின் கீழ்ப்படியாமையால் மனித குலம் முழுவதும் தேவனைவிட்டு விலகிய ஒரு நிலைமைக்குள் பிறக்கிறது என்பதே உபதேசம். ஆதியாகமம் 3ஆம் அதிகாரம், சங்கீதம் 51:5, ரோமர் 5:12 முதல் 21 வரையுள்ள பகுதி ஆகியவை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன.

பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பல ஆண்டுகள் ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது. அந்தக் கரையில் இன்று பிறக்கும் குழந்தை ஒரு தோலையும் ஊறவைக்கவில்லை, ஒரு வாளிக் கழிவையும் ஊற்றவில்லை. ஆனாலும் அதற்குக் கிடைக்கும் கிணற்று நீர் கெட்டுப்போனதுதான். வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தபோது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்; குழந்தைகளிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை. பாதிப்பு பரம்பரையாக வருகிறது, குற்றம் அப்படி வருவதில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த உதாரணம் பிடிக்கும். ஆனால் இது ஓரளவுக்குத்தான் செல்லும். அந்தக் குழந்தை வளர்ந்து தானும் ஆற்றில் குப்பை கொட்டுகிறது, அதுவும் யாரும் கற்றுக்கொடுக்காமலேயே. ஜென்ம பாவம் என்ற உபதேசம் கெட்ட தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. கொட்டத் துடிக்கும் அந்தக் கையைப் பற்றியும் பேசுகிறது.

தகப்பன் செய்ததற்குப் பிள்ளைக்குத் தண்டனை என்பது நியாயமா? எசேக்கியேல் 18 வேறுவிதமாகச் சொல்கிறதே?

எசேக்கியேல் சொல்வது தெளிவு: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." உபாகமம் 24:16இலும் அதுவே நியாயம். இந்த வசனங்களை மழுப்பிவிட்டு ஜென்ம பாவத்தைப் போதிப்பவரிடம் பாடம் கேட்காதீர்கள்.

ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது குற்றமா, கேடா என்பதில் சபைகள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக ஒத்துப்போகவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430), குற்றமும் சேர்ந்தே வருகிறது என்றார். அவரோடு வாதிட்ட பெலாகியுஸ், ஆதாம் நமக்கு வைத்துப்போனது ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே, மனிதன் நினைத்தால் பாவமில்லாமல் வாழலாம் என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். அன்றுமுதல் மேற்கத்திய சபைகள், அதாவது கத்தோலிக்கர், லுத்தரன்கள், கால்வின் வழியினர், ஆங்கிலிக்கன்கள், ஏதோ ஒரு வகையில் அகுஸ்தீனின் வாரிசுகளாகவே இருந்துவருகிறார்கள்.

கிழக்கத்திய சபைகள் அந்த வழியில் போகவில்லை. கேரளத்திலிருந்து வந்து வேலூர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் அழிவுக்குரிய தன்மையும்தான், ஆதாமின் குற்றம் ஆதாமுடையது என்பார்கள். சீர்திருத்த காலத்தில் சூரிச் நகரத்து ஸ்விங்லியும் ஜென்ம பாவத்தைக் குற்றம் என்பதைவிட ஒரு நோய் என்று சொல்வதையே விரும்பினார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கேடு வருகிறது என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருக்கிறது. ஆனால் தனிப்பட்ட குற்றப் பொறுப்பு, செய்யாதவன் தலையில் விழுகிறது என்பதை எசேக்கியேலோடு பொருத்திப் படிக்க எனக்குத் தெரியவில்லை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுலின் அழுத்தமும் ஆதாமின்மேல் இல்லை. கிறிஸ்துவின் கிருபை எவ்வளவு அதிகமாகப் பெருகியது என்று காட்டவே அவர் ஆதாமை அழைத்துவருகிறார். நம் பிரசங்கங்களில் பல ஆதாமோடு தொடங்கி ஆதாமோடேயே முடிந்துவிடுகின்றன.

எங்கள் தெருவில் உள்ளவர்கள், "இது எங்கள் முன்வினை போலத்தானே?" என்கிறார்கள். ஒன்றா?

நல்ல கேள்வி, நம் சபையில் கேட்பவர்களைவிட வெளியில் கேட்பவர்கள் கூர்மையாகக் கேட்கிறார்கள். வள்ளுவர் ஊழுக்கென்று ஓர் அதிகாரத்தையே வைத்த மண் இது. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: பிறக்கும்போது மனிதன் வெற்றுப் பலகையாகப் பிறப்பதில்லை என்று இரண்டும் சொல்கின்றன. வேற்றுமை பெரியது. முன்வினை ஒருவன் தானே முற்பிறவியில் செய்ததன் பலன். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. ஜென்ம பாவத்தில் முற்பிறவி கிடையாது. ஆளுக்கொரு கணக்கும் கிடையாது. ராஜாவின் பிள்ளைக்கும் தோட்டியின் பிள்ளைக்கும் ஒரே நிலைமை. ஊனமாகப் பிறந்த குழந்தையைக் காட்டி "யார் செய்த பாவமோ" என்று பேச கிறிஸ்தவனுக்கு இடமே இல்லை. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு முடித்துவிட்டார் (யோவான் 9:3). இதைப் பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொன்ன வாயே வீட்டுக்கு வந்ததும் பழைய பேச்சைப் பேசுவதையும் கேட்கத்தான் செய்கிறோம்.

ஆதாம் பாவத்தில் விழுவான் என்று தேவனுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் ஏன் படைத்தார்?

தெரியும் என்பதே பெரும்பான்மைச் சபைகளின் பதில். கிறிஸ்து உலகத் தோற்றத்துக்கு முன்னே குறிக்கப்பட்டவர் என்று 1 பேதுரு 1:20 சொல்கிறது. நோய் வருமுன்பே மருந்து ஆயத்தமாயிருந்தது என்றால் நோய் வரும் என்று தெரிந்திருந்தது என்பதுதானே பொருள்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, செய்யவைப்பது வேறு. சேவல் கூவுமுன் மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று இயேசு பேதுருவிடம் சொன்னார். பேதுரு மறுதலித்தான். இயேசு சொன்னதனால் அவன் மறுதலிக்கவில்லை. ஒரு வேலைக்காரிக்குப் பயந்து மறுதலித்தான். பிறகு வெளியே போய் மனங்கசந்து அழுதான். தன் கையில் ஒன்றுமில்லை என்று எண்ணியவன் அப்படி அழுவானா?

6ஆம் நூற்றாண்டில் சிறையில் மரணத்தை எதிர்நோக்கி இருந்த போயத்தியுஸ் என்ற ரோமானிய அறிஞர் இன்னொரு வழி காட்டினார். தேவன் எதிர்காலத்தை எட்டிப் பார்க்கிறார் என்பதே தவறு. அவருக்கு நேற்று, இன்று, நாளை என்ற வரிசை இல்லை. எல்லாம் ஒரே பார்வையில் அவர் முன் இருக்கிறது. ஒருவன் நடப்பதை நாம் பார்ப்பதால் அவன் நடக்க வேண்டிய கட்டாயம் வராததுபோல, தேவன் பார்ப்பதாலும் கட்டாயம் வராது என்றார். அழகான பதில். ஆனால் பாதிக் கேள்விக்குத்தான் பதில். தேவன் வெறும் பார்வையாளர் அல்லரே, படைத்தவரும் அவரே. "தெரிந்தும் ஏன்?" என்பது அப்படியே நிற்கிறது. சுதந்திரம் இல்லாத அன்பு அன்பே இல்லை என்பார்கள் சிலர். விழுகையால்தான் இத்தகைய மீட்பர் கிடைத்தார் என்று கத்தோலிக்கர் பாஸ்கா இரவில் அந்தக் குற்றத்தையே வாழ்த்திப் பாடுகிறார்கள். ஒரு தாய் இதே கேள்வியைத் தன் குழந்தையின் படுக்கையருகே கேட்கும்போது இந்த இரண்டு பதில்களையும் எடுக்காதீர்கள். அவள் கேட்பது ஆதாமைப் பற்றி அல்ல.

முன்னறிவும் முன்குறித்தலும் ஒன்றா? எங்கள் சபையின் நிலைப்பாடு என்ன?

முன்னறிவு என்பது தேவன் முன்பே அறிந்திருப்பது; முன்குறித்தல் என்பது யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று அவர் முன்பே தீர்மானிப்பது. ரோமர் 8:29 இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது: யாரை முன்னறிந்தாரோ அவர்களை முன்குறித்தார். யார் விசுவாசிப்பார்கள் என்று பார்த்து அவர்களைத் தெரிந்துகொண்டார் என்று நெதர்லாந்தின் அர்மீனியுஸ் (1560–1609) வழியினர் படிக்கிறார்கள். அவர் தெரிந்துகொண்டதால்தான் விசுவாசம் வந்தது என்று கால்வின் வழியினர் படிக்கிறார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்க 1618–19இல் டோர்ட் நகரில் பெரிய சங்கம் கூடி அர்மீனியுஸ் பக்கத்தைத் தள்ளியது.

நெதர்லாந்தின் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. டோர்ட் தீர்மானங்கள் அந்தச் சபையின் விசுவாச அறிக்கைகளில் ஒன்று. வட ஆற்காட்டில் முதலில் சுவிசேஷம் சொன்னவர்களில் பலர் அந்த உபதேசத்துக்குக் கையெழுத்திட்டு வந்தவர்கள். பிறகு 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன்களோடும் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரோடும் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். மெத்தடிஸ்டுகளின் தகப்பனான ஜான் வெஸ்லியோ முன்குறித்தல் உபதேசத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். ஆகவே ஒரே பந்தியில் இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் அப்பம் பிட்கிறார்கள். அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களைத் திருச்சபை கேட்கிறது. முன்குறித்தலில் ஒரு கட்சியைப் பிடிக்கும்படி கேட்கவில்லை. இதைச் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கு அது விவேகமாகப் படுகிறது.

தேவனுக்கு எல்லாம் தெரியும் என்றால், சாவாய் என்று அவர் சொல்லியனுப்பிய எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டிக்கொடுத்தது எப்படி?

நினிவேயும் இப்படியே: நாற்பது நாளில் கவிழும் என்றார், கவிழவில்லை. வரப்போகும் தீங்கைச் சொல்வது மனந்திரும்புவதற்கான எச்சரிப்பு என்று எரேமியா 18 விளக்குகிறது. எதிர்காலத்தின் ஒரு பகுதியைத் தேவனே திறந்துவைத்திருக்கிறார் என்று அண்மைக்காலத்தில் சில இறையியலாளர் சொல்கிறார்கள். பெரும்பான்மைச் சபைகள் அதை ஏற்கவில்லை. ஜெபம் வீண் அல்ல என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று.

"வளர்ந்தால் கெட்டுப்போவான் என்று முன்னறிந்து, ஆண்டவர் சிறுவயதிலேயே எடுத்துக்கொண்டார்" என்று அடக்க ஆராதனையில் சொன்னார்கள். இது வேத உபதேசமா?

இங்கே சற்று நின்று பேச வேண்டும். இந்த ஆறுதல் பழையது. தீங்கு வருமுன் நீதிமான் எடுத்துக்கொள்ளப்படுகிறான் என்று ஏசாயா 57:1 சொல்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 4ஆம் அதிகாரம், தீமை அறிவை மாற்றாதபடி இளவயதில் எடுக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிசாவின் கிரெகோரி, குழந்தைகள் ஏன் சிறுவயதில் இறக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தனிக் கட்டுரையே எழுதினார். மிதமிஞ்சிக் குடிக்கப்போகிற விருந்தாளியை அவன் நிலைகுலையுமுன் எழுப்பிவிடும் விருந்துத் தலைவனைப்போல, முன்னறிவுள்ள தேவன் சிலரைத் தீமை முற்றுமுன் அழைத்துக்கொள்கிறார் என்று அதில் ஒரு விளக்கம் தந்தார். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் இறையியலாளர் மோலினா இதற்குத் தத்துவ அடித்தளம் போட்டார்: நடக்கப்போவது மட்டுமல்ல, வேறொரு சூழ்நிலை இருந்திருந்தால் யார் என்ன செய்திருப்பார் என்பதும் தேவனுக்குத் தெரியும். வேதத்திலேயே சான்று உண்டு. கேகிலா ஊரார் தன்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களா என்று தாவீது கேட்டான், ஒப்புக்கொடுப்பார்கள் என்று பதில் வந்தது, தாவீது தப்பிப்போனான், ஒப்புக்கொடுத்தல் நடக்கவே இல்லை (1 சாமுவேல் 23). தீருவிலும் சீதோனிலும் இந்த அற்புதங்கள் நடந்திருந்தால் அவர்கள் அப்போதே மனந்திரும்பியிருப்பார்கள் என்று இயேசு சொன்னதும் இதே வகை.

ஆக, "இருந்திருந்தால்" என்பதையும் தேவன் அறிவார் என்பது வரை சரி. அந்த அறிவைக் கொண்டு அவர் ஒரு குழந்தையின் ஆயுளை அறுக்கிறார் என்பது அடுத்த படி. அந்தப் படியில் நான் கால் வைக்க மாட்டேன். அங்கே என்னைத் தடுப்பவர் அகுஸ்தீன்தான். குழந்தைகள்மேல் கடுமையானவர் என்று பெயரெடுத்த அதே அகுஸ்தீன், வாழ்ந்திருந்தால் செய்திருக்கக்கூடிய செயல்களை வைத்து இறந்த குழந்தை நியாயந்தீர்க்கப்படும் என்ற எண்ணத்தை ஒரேயடியாகத் தள்ளினார். செய்யாத செயலுக்கு, இனி செய்யவே முடியாத செயலுக்கு, யாருக்கு என்ன தீர்ப்பு? தம்தம் சரீரத்தில் செய்ததற்குத்தக்கதாகவே ஒவ்வொருவனும் பலனடைவான் என்று பவுல் எழுதினார் (2 கொரிந்தியர் 5:10).

இன்னொரு தடை சாதாரண அறிவிலிருந்து வருகிறது. கெடப்போகிறவர்களை முன்கூட்டி எடுப்பதுதான் வழக்கம் என்றால் ஏரோது ராஜா ஏன் விடப்பட்டான், அவன் கொன்ற பெத்லகேமின் குழந்தைகள் ஏன் எடுக்கப்பட்டன? கிரெகோரியே தன் கட்டுரையில், கொடியவர்கள் நெடுநாள் வாழ்வதேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். அவர் தரும் பதில் எனக்குத் திருப்தியளிக்கவில்லை.

மூன்றாவது தடைதான் எனக்குப் பெரியது. அந்த வார்த்தை இறந்த குழந்தையின்மேல் அவதூறு. நான்கு மாதக் குழந்தையின் பெட்டிக்கு முன் நின்று, இவன் பெரியவனாகியிருந்தால் குடிகாரனாயிருப்பான் என்று தாயிடம் சொல்வதுதானே அதன் பொருள்? சொல்பவர் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. கேட்பவள் அப்படித்தான் கேட்கிறாள்.

சிகிச்சை தேடி வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலூருக்கு ஏன் வருகிறார்கள் என்பதையும் யோசிக்கலாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் வீட்டார் சம்மதிக்கவில்லை. அதே ஸ்கடர் மிஷனரி குடும்பத்தின் மகளான ஐடா ஸ்கடர் அதை முன்குறிக்கப்பட்ட மரணம் என்று எழுதி மூடிவிடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் சிகிச்சை தரத் தொடங்கினார். அவருடைய பாட்டனாரும் தகப்பனாரும் டோர்ட் உபதேசத்தை ஏற்ற சபையைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னறிவை நம்புகிறவர்கள் மரணத்தோடு சமாதானமாகப் போய்விட வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

ஞானஸ்நானம் பெறுமுன் குழந்தை இறந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்காகத்தான் பலர் இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறீர்கள் என்று தெரியும். ஆகவே பதிலை முதலில் சொல்கிறேன்: அந்தக் குழந்தையைத் தேவனுடைய இரக்கத்தில் நம்பிக்கையோடு விட்டுவிடலாம். இன்று இதற்கு மாறாகப் போதிக்கும் பெரிய சபை எதுவும் நம் பகுதியில் இல்லை.

ஆனால் எப்போதும் இப்படி இல்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு மிக மெல்லிய தண்டனையாவது உண்டு என்றார் அகுஸ்தீன். அதே காலத்துக் கிழக்கத்திய ஆயரான நசியான்சுவின் கிரெகோரி, அவர்களுக்கு மகிமையும் இல்லை, தண்டனையும் இல்லை என்றார். இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர்கள் அகுஸ்தீனை மென்மையாக்கி, வேதனையற்ற ஆனால் தேவ தரிசனமும் அற்ற லிம்போ என்ற நிலையைச் சொன்னார்கள். அது நெடுநாள் பள்ளிப்பாடமாக இருந்தது. ஆனால் கட்டாய விசுவாசமாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் இதை ஆராய்ந்து, அத்தகைய குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று வெளியிட்டது.

டோர்ட் சங்கத்தைக் கல்நெஞ்சர்களின் கூட்டம் என்று நினைப்பவர்கள் அதன் முதல் தலைப்பின் 17ஆம் பகுதியைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் தேவன் அழைத்துக்கொண்ட பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்துப் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்கிறது அது. முன்குறித்தலைப் பற்றிய கடினமான தீர்மானங்களுக்கு நடுவே, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்காக ஒரு பகுதியை எழுதி வைத்தார்கள். அதில் ஞானஸ்நானம் ஒரு நிபந்தனையாக வைக்கப்படவில்லை. ஆனால் விசுவாசிகளின் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. லுத்தரன்கள் ஞானஸ்நானத்தை மறுபிறப்பின் கருவியாக மதிக்கிறார்கள். ஆயினும் அது கிடைக்காமல் போவதல்ல, அதை அசட்டை பண்ணுவதே ஆக்கினைக்குரியது என்பது அவர்களின் பழைய விதி. ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள் இதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கும்.

எனக்கு இன்னொரு சாட்சி போதும். ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளை மேற்கத்திய சபைகள் டிசம்பர் 28 அன்று பரிசுத்தவான்களாக நினைவுகூருகின்றன. அவர்களில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. கிறிஸ்துவுக்காகச் சிந்திய இரத்தமே அவர்களுக்கு ஞானஸ்நானம் என்று விளக்கினார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் யாருக்காகச் சாகிறோம் என்றே தெரியாது. அவர்களுக்குத் திறந்த வாசல் காய்ச்சலில் இறந்த குழந்தைக்கு ஏன் மூடியிருக்க வேண்டும்?

தாவீதின் கதையையும் வாசியுங்கள் (2 சாமுவேல் 12). ஏழாம் நாளில் குழந்தை இறந்தது; எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு முன்பே இறந்தது என்று பலர் படிக்கிறார்கள். "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான் தாவீது. பாதாளத்தை மட்டுமே அவன் சொன்னான் என்று சில விரிவுரையாளர் வாதிடுவார்கள். இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லுமுன்பே அவன் எழுந்து, ஸ்நானம்பண்ணி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான்.

அப்படியானால் எங்கள் பாட்டி காலத்தில் அத்தகைய குழந்தைகளுக்கு அடக்க ஆராதனை ஏன் நடத்தவில்லை?

1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பு இருந்தது. கத்தோலிக்கச் சபைச் சட்டமும் அந்நாளில் அப்படியே. அது வழிபாட்டு ஒழுங்கு. அந்தக் குழந்தை நரகத்தில் என்ற தீர்ப்பு அல்ல. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்ற தகப்பனுக்கு அந்த வேறுபாட்டை யார் விளக்கினார்கள்? இன்று பெற்றோர் கேட்டால் நடத்திக்கொடுக்கும் போதகர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு நர்ஸ் ஞானஸ்நானம் கொடுக்கலாமா?

கத்தோலிக்கச் சபையில் அவசர நிலையில் யாரும் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். மற்றச் சபையினர் தங்கள் போதகரை அழைப்பது நல்லது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பெற்றோருக்குத் தெரியாமல், அதுவும் வேற்று மதத்துப் பெற்றோரின் குழந்தைக்கு, இரகசியமாகச் செய்வது பக்தி அல்ல, துரோகம்.

எந்த வயதிலிருந்து பிள்ளை தன் பாவத்துக்குப் பொறுப்பு?

வேதம் ஒரு எண்ணைத் தரவில்லை. நன்மை தீமை அறியாத பிள்ளைகள் என்று உபாகமம் 1:39 பேசுகிறது. தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ள அறியும் காலம் என்று ஏசாயா 7 பேசுகிறது. கத்தோலிக்கச் சட்டம் ஏழு வயது நிறைவை விவேக வயதாகக் கொள்கிறது. நம் சபையில் திடப்படுத்தல் பதின்வயதில் நடக்கிறது. அது பாவக்கணக்குத் தொடங்கும் நாள் என்று எந்தப் பிள்ளையையும் பயமுறுத்த வேண்டாம்.

மூளை வளர்ச்சி குன்றிய எங்கள் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது. அவனுக்கு?

குழந்தைகளுக்குச் சொன்னதெல்லாம் அவனுக்கும் பொருந்தும். ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டையும் அவனுக்காகக் கேளுங்கள்.

மிஷனரிகள் வருமுன் வாழ்ந்து மறைந்த எங்கள் முன்னோர்கள் கதி என்ன?

நம் பகுதியில் பெரும்பாலான கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது வெறும் வாதப் பொருள் அல்ல. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு பல கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்தார்கள். ஐந்தாறு தலைமுறைக்கு மேலே போனால் கிறிஸ்துவின் பெயரைக் கேள்விப்படாத தாத்தாக்கள்தான்.

முதலில், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று சபை ஒருபோதும் சொன்னதில்லை. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. எபிரெயர் 11 ஆபேல் தொடங்கி ஒரு பெரும் பட்டியலையே தருகிறது. யெகோவாவின் ஜனத்தில் பிறக்காத ராகாப் என்னும் வேசியும் அதில் இருக்கிறாள். அவர்கள் இரட்சிக்கப்பட்டதும் கிறிஸ்துவினாலேயே. காலத்தால் முந்தினாலும் காரணம் அவரே. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அவர் அங்கே போய்ப் பழைய பரிசுத்தவான்களை விடுவித்தார் என்றே ஆதிச் சபையில் பலர் புரிந்துகொண்டார்கள்.

இஸ்ரவேலுக்கு வெளியே உள்ளவர்கள்? நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியாரின் மனச்சாட்சியே அவர்களுக்குச் சாட்சியிடும் என்கிறது ரோமர் 2. அறியாமையுள்ள காலங்களைத் தேவன் காணாதவர்போலிருந்தார் என்று பவுல் அத்தேனேயில் பிரசங்கித்தான். 2ஆம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த யுஸ்தீன், தேவ வார்த்தையின்படி வாழ்ந்த சாக்ரடீசையும் கிறிஸ்தவர் என்றே சொல்லத் துணிந்தார். தங்கள் தவறில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், உண்மை மனதோடு தேவனைத் தேடி மனச்சாட்சியின்படி நடக்கிறவர்கள் மீட்பு அடைய முடியும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. சுவிசேஷ சபைகளில் பலர் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள்; கேட்காமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்ற ரோமர் 10ஐக் காட்டுவார்கள். அதுவும் வேதமே. ஆனால் பவுல் அந்தக் கேள்வியை எழுப்பியது சுவிசேஷகரை அனுப்பச் சொல்வதற்காக. இறந்துபோன தாத்தாக்களுக்குத் தீர்ப்பெழுத அதை எடுப்பது பொருந்தாது.

கத்தோலிக்கர் சொல்லும் அமல உற்பவம் என்பது இயேசுவின் பிறப்பைப் பற்றியதா?

அல்ல, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மரியாள் தன் தாயின் கர்ப்பத்தில் உருவானபோதே, வரப்போகும் கிறிஸ்துவின் புண்ணியத்தை முன்னிட்டு, ஜென்ம பாவமின்றிக் காக்கப்பட்டார் என்ற உபதேசம் அது. 1854இல் ஒன்பதாம் பயஸ் பாப்பரசர் அறிவித்தார். திருநாள் டிசம்பர் 8. புராட்டஸ்டண்ட், ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஏற்கவில்லை.

பெந்தெகொஸ்தே சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது. அப்படியானால் அவர்கள் குழந்தைகள்?

அவர்கள் குழந்தையைப் பிரதிஷ்டை செய்கிறார்கள். விவரம் தெரிந்து விசுவாசித்தபின் முழுக்கு ஞானஸ்நானம் தருகிறார்கள். பொறுப்பறியும் வயதுக்கு முன் இறக்கும் குழந்தையைக் கிறிஸ்துவின் இரத்தம் மூடுகிறது என்பதே அவர்கள் நம்பிக்கை. வழி வேறு, குழந்தை போய்ச் சேரும் இடத்தில் நமக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை.

மருமகள் கத்தோலிக்கச் சபையில் குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவள். எங்கள் சபையில் சேர மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். தண்ணீராலும் திரியேக நாமத்தாலும் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைத் தென்னிந்தியத் திருச்சபை மறுபடி கொடுப்பதில்லை. உங்கள் மகள் கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போனாலும் அவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள். மருமகளுடைய பழைய பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழை வாங்கிப் போதகரிடம் கொடுங்கள். சபையில் சேர்க்கும் முறையை அவர் சொல்லுவார்.